காலி வண்டியின் கனம் எங்கே போகிறது?

"1991-ஆம் ஆண்டுப் பிக்கப் வண்டி ஒன்று ஃபெராரியை ஓட்டத்தில் முந்தியதாகப் படித்தேன். சரக்கு ஏற்றும் வண்டியால் அது எப்படி முடிந்தது? பெரிய எஞ்சினைப் பொருத்தினால் போதுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். செய்தி உண்மைதான். அந்த வண்டியின் பெயர் ஜிஎம்சி சைக்ளோன். அமெரிக்காவின் 'கார் அண்ட் டிரைவர்' இதழ் அந்த ஆண்டில் அதை ஃபெராரி 348-உடன் கால் மைல் தூரத்துக்கு, அதாவது 402 மீட்டருக்கு, ஓட்டிப் பார்த்தது. பிக்கப் 14.1 நொடியிலும் ஃபெராரி 14.5 நொடியிலும் எல்லையைத் தொட்டன. ஆனால் எஞ்சினை மட்டும் பெரிதாக்கியிருந்தால் இந்த வெற்றி கிடைத்திருக்காது.

அக்காலத்துச் சிறிய பிக்கப்புகள் எவ்வளவு மந்தமானவை என்பதை முதலில் பார்த்துவிடலாம். சைக்ளோனின் மூதாதையான ஷெவர்லே எஸ்-10, 1982-ஆம் ஆண்டில் 1.9 லிட்டர் எஞ்சினும் 82 குதிரைத்திறனும் கொண்டு சந்தைக்கு வந்தது. ஓட்டுநருடன் 1,300 கிலோ எடை என்று கொண்டால், மணிக்கு 96 கிமீ வேகத்தை எட்ட அதற்கு ஏறத்தாழ 470 கிலோஜூல் இயக்க ஆற்றல் தேவை. 82 குதிரைத்திறன் என்பது சுமார் 61 கிலோவாட். முழுத்திறனும் ஒவ்வொரு கணமும் கிடைத்தால் எட்டு நொடிக்குள் வேலை முடியும். கியர் மாற்றம், காற்றுத் தடை, எஞ்சின் தாழ்ந்த சுழற்சியில் திணறுவது ஆகியவற்றால் நடைமுறையில் அதைப்போல இருமடங்கு ஆகும். சைக்ளோனுக்கு டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) பொருத்திய 4.3 லிட்டர் வி6 எஞ்சினும் 280 குதிரைத்திறனும் கிடைத்தன. ஆகவே ஆற்றல் பற்றாக்குறை தீர்ந்தது.

ஆற்றலைச் சாலைக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. வண்டியை முன்னோக்கித் தள்ளுவது, கடைசிக் கணக்கில், டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு விசையே. அந்த விசையின் உச்சவரம்பு, சக்கரத்தின் மேல் அழுந்தும் எடையைப் பொறுத்தது. பிக்கப்பில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. பின்னால் இருப்பதோ வெறும் தகரப் பெட்டி. சரக்கு ஏறாத நிலையில் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு மட்டுமே பின்சக்கரங்களின் மேல் விழுகிறது. வழக்கமான பிக்கப்பில் எஞ்சின் சுழற்றுவதும் அதே பின்சக்கரங்களைத்தான்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு நுழைகிறது. நகரப் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு இது பழக்கமானது: ஓட்டுநர் வெடுக்கென்று எடுத்ததும், உங்கள் கனம் கால்விரல்களிலிருந்து குதிகால்களுக்குப் போய்விடுகிறது. பேருந்தின் தளம் உங்கள் பாதத்தை முன்னே இழுக்க, அதற்கு மேலே உயரத்தில் இருக்கும் உடலின் ஈர்ப்பு மையம் பின்தங்க, இரண்டும் சேர்ந்து உங்களைப் பின்பக்கமாகச் சாய்க்கின்றன. வண்டிக்கும் இதுவே நேர்கிறது. அதன் மூக்கு சற்று உயர்ந்து, பின்பகுதி தாழ்கிறது. எவ்வளவு எடை பின்னுக்குப் போகும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போடலாம். எடையை முடுக்கத்தால் பெருக்கி, ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, முன்பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தால் வகுத்தால் போதும். முடுக்கத்தை மட்டும் புவியீர்ப்பு முடுக்கத்தின் பங்காக எழுதிக்கொள்ள வேண்டும்.

தோராய எண்களை இட்டுப் பார்ப்போம். வண்டி 1,600 கிலோ. ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில், அச்சுகளுக்கு இடையில் 2.75 மீட்டர், வேண்டிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி. அப்போது ஏறத்தாழ 175 கிலோ பின்னுக்கு நகர்கிறது. பின்சக்கரங்களின் சுமை 640-இலிருந்து 815 கிலோவாகிறது. உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.8 (அதாவது, சுமையில் 80 விழுக்காடு வரை பிடிமானம்) என்றால், அவை தரக்கூடிய தள்ளுவிசை 650 கிலோ எடைக்குச் சமம். தேவையோ வண்டி எடையில் பாதியான 800. இத்தனை எடை நகர்ந்தும் போதவில்லை. டயர் புகைந்து சுழலும். சமன்பாட்டைத் தீர்த்தால், பின்சக்கர இயக்கமுள்ள காலிப் பிக்கப் எவ்வளவு பெரிய எஞ்சினைச் சுமந்தாலும் 96 கிமீ வேகத்தை எட்ட ஏழு நொடிக்குக் குறையாது. சைக்ளோன் எடுத்துக்கொண்டது 5.3 நொடி.

அமெரிக்காவின் பனி விழும் மாநிலங்களில் பிக்கப் வைத்திருப்போர் குளிர்காலத்தில் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை அடுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். (புது வண்டியின் டயருக்கு அடியில் நாம் எலுமிச்சம்பழம் நசுக்குவது, அந்த ஒரு சுற்றுக்கு உராய்வைக் குறைப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.)

சைக்ளோனின் பொறியாளர்கள் மூட்டைக்குப் பதிலாக முன்சக்கரங்களையும் வேலைக்கு அழைத்தார்கள். திருப்புவிசையில் 35 விழுக்காடு முன்னுக்கும் 65 விழுக்காடு பின்னுக்கும் போகும்படி பிரித்தார்கள். மேலே சொன்ன கணக்கின்படி தேவைப்படும் 800-இல் பின்சக்கரங்களின் பங்கு 520, முன்சக்கரங்களின் பங்கு 280. இரண்டுமே உராய்வு வரம்புக்குள் வசதியாக அடங்குகின்றன. ஏதேனும் ஓர் அச்சு வழுக்கத் தொடங்கினால் விஸ்கஸ் கப்ளிங் என்ற உறுப்பு குறுக்கிடுகிறது. மூடிய உருளைக்குள் மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று முன்னச்சோடும் பின்னச்சோடும் பிணைந்திருக்கும். இடைவெளியில் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். இட்லி மாவைக் கரண்டியால் வேகமாகச் சுழற்றும்போது பாத்திரமும் கூடவே திரும்பப் பார்க்குமே, அதைப் போல, வேகமாகச் சுழலும் தகடுகள் எண்ணெயின் வழியே மற்றவற்றையும் இழுத்துச் செல்கின்றன. உணரியோ கணினியோ தேவையில்லை. எண்ணெயின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, ஒன்றே அந்த முடிவை எடுக்கிறது. எஞ்சின் திறனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம் மோட்டார் இதழ்கள், ரப்பரும் எண்ணெயும் செய்யும் இந்த வேலைக்கு ஒரு பத்தி ஒதுக்கினால்கூட மகிழ்வேன்.

தானியங்கி கியர்பெட்டியும் கைகொடுத்தது. பிரேக்கை அழுத்தியபடியே எஞ்சினை முறுக்கி, டர்போவில் அழுத்தம் ஏறிய பிறகு காலை எடுக்கலாம். ஃபெராரி ஓட்டுநரோ கிளட்சைப் பதமாக விட்டு, கையால் கியர் மாற்ற வேண்டும்.

எல்லைக்கோட்டில் பதிவான வேகங்கள் மீதிக் கதையைச் சொல்கின்றன. சைக்ளோன் அப்போது மணிக்கு சுமார் 150 கிமீ வேகத்திலும், தோற்ற ஃபெராரி சுமார் 159 கிமீ வேகத்திலும் சென்றுகொண்டிருந்தன. கடக்க எடுத்த நேரம் புறப்பாட்டின் பிடிமானத்தைக் காட்டுகிறது; கடைசி வேகம், எடைக்குத் தக்க திறனையும் காற்றைக் கிழிக்கும் வடிவத்தையும் காட்டுகிறது. பிக்கப்பின் முன்னிலை முழுவதும் முதல் சில நொடிகளில் சம்பாதித்தது. ஓடுபாதை இன்னும் சில நூறு மீட்டர் நீண்டிருந்தால், பின்னால் பதினேழு பதினெட்டு மீட்டர் தொலைவில் வந்துகொண்டிருந்த ஃபெராரி அதைக் கடந்து போயிருக்கும்.