அதே மாத்திரை, வேறு உடல்

கர்ப்பிணி ஒருவர் மனநல மருந்து சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமா?’ என்பதுதான். 1950-களின் கடைசியில் மசக்கைக்குக்கூடக் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு, ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கை கால் குறையுடன் பிறக்கவைத்தது. அதற்குப் பிறகு இந்தப் பயத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் எதிர்த்திசையில் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. கர்ப்பம் அந்த மருந்தை என்ன செய்கிறது?

நிறையச் செய்கிறது. கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. குழம்பில் தண்ணீரை ஊற்றினால் உப்பு மட்டுப்படுவதைப் போல, விழுங்கிய மருந்தும் நீர்த்துப்போகிறது. இதைவிடப் பெரிய மாற்றம் சிறுநீரகத்தில். அது இரத்தத்தை வடிகட்டும் வேகம் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே ஏறத் தொடங்கி, வழக்கத்தைப்போல் ஒன்றரை மடங்கை எட்டிவிடுகிறது. மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளோ ஆளுக்கொரு பக்கம் போகின்றன. சில வேகமெடுக்கின்றன, சில சோம்பிவிடுகின்றன. காபியில் உள்ள காஃபீனைச் சிதைக்கும் நொதி இரண்டாவது ரகம். சாதாரணமாக 5 மணி நேரத்தில் பாதியாகும் காஃபீன், பிரசவம் நெருங்கும் மாதங்களில் பாதியாக 10 மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. மாலை நாலு மணிக் காபி நள்ளிரவிலும் விழிக்கவைத்தால், ‘பதற்ற நோய் முற்றிவிட்டதோ’ என்று அஞ்சுவதற்கு முன் அந்த டம்ளரையும் சந்தேகப்பட வேண்டும்.

சிறுநீரகத்தில் நடக்கும் மாற்றம் மிகத் துல்லியமாகத் தெரிவது லித்தியத்தில். மனம் உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவக் கோளாறுக்கு இன்றும் முதன்மையான மருந்து இது. கல்லீரல் இதைத் தொடுவதே இல்லை. முழுக்க முழுக்கச் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. வடிகட்டல் வேகம் கூடினால் லித்தியமும் வேகமாக வெளியேறும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் இரத்தத்தில் லித்தியம் சராசரியாக 36 சதவீதம் குறைகிறது. ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்ட பெண்ணுக்கும் நோய் மெல்லத் திரும்பலாம். ‘மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாயா?’ என்று அவரைக் குறுக்கு விசாரணை செய்வதில் அர்த்தமில்லை.

அப்படியானால் அளவைக் கூட்டிவிட்டால் போதாதா? அங்கேதான் சிக்கல். அதே 2017-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று, முதல் மூன்று மாதங்களில் லித்தியம் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு இதயக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பை அளந்தது. தினமும் 600 மி.கி. அல்லது அதற்குக் கீழே எடுத்தவர்களிடம் வாய்ப்பு பெரிதாகக் கூடவில்லை, 900 மி.கி.க்கு மேல் போனவர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கானது. ஆகவே மருத்துவர் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் அளவை நகர்த்த முடியும்.

இத்துடன் மசக்கை சேரும்போது கதை தலைகீழாகிறது. சிறுநீரகத்துக்கு லித்தியத்தையும் உப்பில் உள்ள சோடியத்தையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. இரண்டும் ஒரே வழியில் உள்ளே இழுக்கப்படுகின்றன. விடாத வாந்தியில் உடல் நீரையும் உப்பையும் இழக்கும்போது, சிறுநீரகம் பதறிப்போய் சோடியத்தை இழுத்துப் பிடிக்கிறது. கூடவே லித்தியமும் தங்கிவிடுகிறது. குறைந்திருக்க வேண்டிய அளவு திடீரென்று ஏறுகிறது. லித்தியம் மிஞ்சினால் வரும் முதல் அறிகுறிகளில் ஒன்று வாந்தியேதான். வாந்தி லித்தியத்தை ஏற்ற, லித்தியம் வாந்தியைக் கூட்ட, வீட்டிலோ ‘மசக்கை கொஞ்சம் கடுமை’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். மசக்கையில் கை வெடவெடவென்று நடுங்காது, நாக்கு குழறாது, நடை தள்ளாடாது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தியில் மாத்திரை போய்விட்டதே என்று தாமாக இன்னொன்றை விழுங்குவதும் கூடாது.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. கால் வீங்கினால் ‘உப்பைக் குறை’ என்பார்கள். லித்தியம் சாப்பிடும் பெண் உப்பைச் சட்டென்று குறைத்தாலும் மேலே சொன்ன அதே கதைதான். மூட்டு வலிக்கோ இடுப்பு வலிக்கோ கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரூஃபென்னும் லித்தியத்தை ஏற்றும். கர்ப்பத்தில் அது வேறு காரணங்களுக்காகவும் வேண்டாத மாத்திரை.

மற்ற மருந்துகளுக்கும் தனித்தனிக் கதைகள் உண்டு. வலிப்புக்கும் இருதுருவக் கோளாறுக்கும் கொடுக்கப்படும் லாமோட்ரிஜினைச் சிதைக்கும் நொதியை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் முடுக்கிவிடுவதால், அதன் அளவு பலருக்குப் பாதியாகவும் அதற்குக் கீழேயும் இறங்குகிறது. மனச்சிதைவுக்கும் இருதுருவக் கோளாறுக்கும் கொடுக்கப்படும் குவெட்டியாபின், அரிபிப்ரசோல் இரண்டும் கடைசி மூன்று மாதங்களில் சராசரியாகப் பாதிக்கும் கீழே போவதை நார்வேயில் அளந்திருக்கிறார்கள். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுபவருக்கு வாந்திக்காக ஒண்டான்செட்ரான் எழுதும்போது ஓர் ஈ.சி.ஜி. பார்ப்பது நல்லது, ஏனென்றால் இரண்டுமே இதயத்தின் மின்துடிப்பு இடைவெளியை நீட்டக்கூடியவை. மகப்பேறு மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் தனித்தனிச் சீட்டு வாங்குபவர்கள், ஒருவரின் சீட்டை மற்றவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

அளவு குறைந்து நோய் திரும்புகிறதா என்பதைக் கண்டுபிடிப்பதும் லேசில்லை. அசதி, தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு ஆகிய மூன்றும் மனச்சோர்வின் அடையாளங்கள். சாதாரணக் கர்ப்பத்தின் அடையாளங்களும் அவையே. இதை உணர்ந்துதான் ஸ்காட்லாந்தில் 1987-இல் உருவான எடின்பரோ மனச்சோர்வு அளவுகோல், உடல் உபாதைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்தே கேள்விகள்: சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா என்பதுபோல. அதில் தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. அதுவும், வருத்தத்தால் தூக்கம் வராமல் போகிறதா என்றே கேட்கிறது. வயிறு கனத்து, புரண்டு படுக்க முடியாமல் விழித்திருப்பவர் ‘இல்லை’ என்று சொல்லிவிடலாம். இதன் தமிழ் வடிவமும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, மருந்தையே நிறுத்திவிடலாம் என்று தோன்றினால் அதுதான் மோசமான முடிவு. 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவந்த கர்ப்பிணிகளில், மருந்தை நிறுத்தியவர்களில் 68 சதவீதத்தினருக்கு நோய் மீண்டது. தொடர்ந்தவர்களில் 26 சதவீதத்தினருக்கு. வலிப்புக்கும் இருதுருவக் கோளாறுக்கும் கொடுக்கப்படும் வால்புரோயேட் மட்டும் தனி ரகம். முதுகுத்தண்டுக் குறைபாடு, குழந்தையின் அறிவு வளர்ச்சியில் பாதிப்பு இரண்டுக்கும் அது காரணமாகிறது. மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுவதால், நாள் தள்ளிப்போனது தெரிந்த பிறகு மாற்றுவது பெரும்பாலும் தாமதம்தான். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே மருத்துவரிடம் பேசி வேறு மருந்துக்கு மாறுவதே வழி. வால்புரோயேட்டைக்கூடத் தாமாக நிறுத்தினால் வலிப்போ கடும் மனக் கொந்தளிப்போ வரலாம்.

பிரசவத்தன்று எல்லாம் பின்னோக்கித் திரும்பத் தொடங்குகிறது. கர்ப்பத்துக்காகக் கூட்டிய லாமோட்ரிஜினைக் குறைக்காமல் விட்டால், இரண்டு மூன்று வாரங்களுக்குள் தலைசுற்றலும் பார்வை இரட்டையாவதும் வரலாம். லித்தியத்துக்கு அவ்வளவு அவகாசம்கூட இல்லை. பேறு வலியில் தண்ணீர் குடிக்காமல் கிடப்பது, இரத்த இழப்பு ஆகியவை நடக்கும்போதே சிறுநீரகமும் பழைய வேகத்துக்குத் திரும்பத் தொடங்கும். அதனால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் இரத்தத்தில் லித்தியத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். தாய்ப்பாலில் லித்தியம் கணிசமாகக் கலக்கும், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மிகக் குறைவாகவே கலக்கும். ஆகவே பால் கொடுப்பது பற்றிய முடிவையும் எட்டாம் மாதத்திலேயே பேசி எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பிரசவ வார்டில் யார் பணியில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கர்ப்பத்துக்கு முந்தைய அளவு, இப்போதைய அளவு, கடைசி இரத்தப் பரிசோதனையின் எண், மனநல மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய ஒரு தாள் மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் பையில் இருக்கட்டும்.