புது செட் போட்ட காரில் பற்றரி ஏன் இறங்குகிறது?

ஆடி மாதம் பிறந்தால் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். மடு ஆவணித் திருவிழா, நல்லூர்த் திருவிழா, இடையில் ஒன்றிரண்டு கல்யாண வீடு. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மாதக்கணக்கில் உறை போர்த்திக் கிடந்த கார்களை அப்போதுதான் வெளியில் எடுப்பார்கள். பல கார்கள் ஸ்டார்ட் ஆகாது. "பற்றரி செத்துப் போச்சு, புதுசு ஒண்டு கொண்டு வாங்கோ அண்ணை" என்று போன் வரும். பற்றரி விற்பது எங்களுக்கு நல்ல வியாபாரம்தான், மறைக்கவில்லை. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் பற்றரியில் குற்றமே இருக்காது. பழைய ரேடியோ இருந்த இடத்தில் பளபளக்கும் அன்ட்ரொயிட் திரை, அதாவது நாங்கள் 'செட்' என்று சொல்வதும், அதைப் பூட்டியவர் பின்னால் முறுக்கி டேப் சுற்றிவிட்ட வயர்களுமே வில்லங்கம்.

சாதாரணக் கார்களை விட ஸ்போர்ட்ஸ் கார்களில் இது அதிகம். எங்கள் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெரும்பாலும் ஹொண்டா சிஆர்-இசட்தான். 2010இல் வெளிவந்த இரண்டு கதவு ஹைபிரிட். அங்கொன்று இங்கொன்றாக மஸ்டா ஆர்எக்ஸ்-8. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் இருந்த கார்களே கை மாறிக் கை மாறி ஓடின. வாங்கிய ஒவ்வொருவரும் தன் ரசனைக்கு ஒரு செட் பூட்டினார்கள். இன்று ஒரு சிஆர்-இசட்டின் ரேடியோவைக் கழற்றினால், முன்னைய சொந்தக்காரர்கள் எல்லோருடைய வயரும் அடுக்கடுக்காக உள்ளே கிடக்கும். எது உயிருள்ள வயர், எது செத்த வயர் என்று மீற்றர் வைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

முதலில் மஞ்சளையும் சிவப்பையும் பார்ப்போம். சந்தையில் வாங்கும் செட்டுகளில் வழமையாக மஞ்சள் வயருக்கு எந்நேரமும் பற்றரியின் 12 வோல்ட் வர வேண்டும். நேரம், செட்டிங், சனல் நினைவு எல்லாம் அதில்தான் நிற்கும். சிவப்புக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வர வேண்டும். கறுப்பு, ஏர்த், அதாவது காரின் இரும்பு உடலோடு சேரும் மைனஸ். இவ்வளவுதான். ஆனால் சாவி போட்டால் வரும் வயரைத் தேட நேரம் எடுக்கும் என்பதால், சிலர் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நேராகப் பற்றரி வயரில் கொடுத்துவிடுவார்கள். பாட்டு வரும், திரை எரியும், காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள். காரைப் பூட்டிய பிறகும் செட் தூங்காது. திரையைக் கையால் அணைத்துவிட்டுப் போனாலும் உள்ளே சர்க்யூட் பலகை விழித்துக்கொண்டே இருக்கும்.

கணக்குப் பார்த்தால் விளங்கும். சிறிய ஜப்பான் கார்களில் இருக்கும் 12 வோல்ட் பற்றரியின் கொள்ளளவு ஏறக்குறைய 28 முதல் 36 அம்பியர் மணித்தியாலம் (ஒரு அம்பியரை ஒரு மணித்தியாலம் இழுத்தால் ஒன்று). நிறுத்திய காரில் அலாரம், கடிகாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி அம்பியருக்குள் இழுத்தால் சரி. அணையாத செட் ஒன்று 300 மில்லி அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 7.2 அம்பியர் மணித்தியாலம். 36 கொள்ளும் பற்றரி 5 நாளில் வெறுமை. கார் ஸ்டார்ட் ஆகாத நிலை அதற்கு முன்பே வந்துவிடும். இப்படி அடிமட்டம் வரை இரண்டு மூன்று தரம் இறங்கிய ஈயப் பற்றரி, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலத்துக்கு வராது. புதுப் பற்றரி போட்டும் சில மாதத்தில் அதே கதை என்றால் அடுத்த பற்றரிக்குக் காசு கொடுக்க வேண்டாம். மல்டி மீற்றரை 10 அம்பியரில் வைத்து, பற்றரியின் மைனஸ் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய வயருக்கும் இடையில் தொடராகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காரைப் பூட்டி அரை மணித்தியாலம் விட்டுத்தான் வாசிக்க வேண்டும், பூட்டிய உடனே பார்த்தால் எல்லாக் காரிலும் கூடுதலாகத்தான் காட்டும். மீற்றர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீற்றரின் பியூஸ் போய்விடும், அதையும் சொல்லி வைக்கிறேன்.

வயர் சரியாக இருந்தும் இறங்குகிறதா? அன்ட்ரொயிட் செட்டுகள் பலவற்றில் சாவியை எடுத்தாலும் முழுதாக அணையாமல் தூக்க நிலையில் நிற்கும் ஒரு செட்டிங் இருக்கும். மறுநாள் சட்டென்று திரை வருவதற்காக வைத்தது. நாளாந்தம் ஓடும் காருக்கு அது பிரச்சினை இல்லை. வெளிநாட்டிலிருந்து அண்ணா வரும்வரை மூடி வைக்கும் காருக்கு அதை நிறுத்திவிடுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் என்றால் மைனஸ் வயரையே கழற்றி வைப்பது நல்லது. ஏனென்றால் எந்தக் குறையும் இல்லாத 50 மில்லி அம்பியரே ஒரு மாதத்தில் 36 அம்பியர் மணித்தியாலத்தைக் குடித்துவிடும்.

ஆனால் கழற்றும் முன் ஒன்று கவனியுங்கள். ஜப்பானிலிருந்து காரோடு வந்த பழைய நவிகேஷன் செட்டுகளில், குறிப்பாக டொயோட்டாவில், மின்சாரம் அறுந்து திரும்ப வந்தால் வரைபடக் கார்டையோ திறப்பு எண்ணையோ கேட்டு லொக் ஆகிவிடும் வகைகள் இருக்கின்றன. கார்டைத் தொலைத்தவருக்கு அதற்குப் பிறகு ரேடியோவும் இல்லை. உங்களுடையது அந்த வகையா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பின்னால்தான் பெரிய பற்றரி இருக்கிறதே, முல்லைத்தீவுக் கடற்கரையில் கதவைத் திறந்துவிட்டு எவ்வளவு நேரமும் பாட்டுப் போடலாம் என்பார்கள். சிஆர்-இசட்டின் முதல் வகையில் அந்தப் பெரிய பற்றரி ஏறக்குறைய 100 வோல்ட், 2012இல் வந்த மாற்றத்தில் 144 வோல்ட். அது சக்கரத்துக்கு உதவுவதற்கு. சாவியைப் பாதி திருப்பிப் பாட்டுக் கேட்கும்போது செலவாவது சின்ன 12 வோல்ட் பற்றரி மட்டுமே. பெரிய பற்றரியிலிருந்து அதற்குச் சார்ஜ் ஏறுவது கார் முழுதாக ஓன் ஆன பிறகுதான். சின்னது இறங்கிவிட்டால் பெரியது நிறைந்திருந்தும் கார் எழும்பாது. செம்மஞ்சள் நிற உறை போட்ட கேபிள்கள் அந்தப் பெரிய பற்றரிக்கு உரியவை. செட் பூட்ட வந்தவர் அவற்றின் கிட்டவும் போக வேண்டிய வேலை இல்லை.

மஞ்சள் நிறப் பிளக்குகள் இன்னொரு விஷயம். அவை எயார்பாக்குக்குப் போகிறவை. டாஷ்போர்டை விரித்து வேலை செய்வதென்றால் பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஹொண்டா 3 நிமிடம் என்கிறது, டொயோட்டா 90 விநாடி. அதுவரை எயார்பாக்குக்கான மின்சாரம் உள்ளே தேங்கி நிற்கும். பற்றரியைக் கழற்றாமலே நெம்பத் தொடங்கும் ஆளிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

சரி, வயரை எப்படி இணைப்பது? காரின் அசல் பிளக்கை வெட்டக் கூடாது. என் பிடிவாதம் இது, கராஜில் இதற்காக வாடிக்கையாளரோடு வாக்குவாதப்பட்டதும் உண்டு. ஒரு பக்கம் காரின் பிளக், மறுபக்கம் செட்டின் பிளக் என்று இடையில் போடும் ரெடிமேட் ஹார்னஸ் ஹொண்டாவுக்கும் டொயோட்டாவுக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. செட்டின் விலையோடு பார்த்தால் அது சில்லறை. அதைப் போட்டால் நாளைக்கு செட்டைக் கழற்றி அசலைத் திரும்பப் பூட்ட ஒரு வெட்டும் தேவையில்லை. வெட்டினால் பிறகு எல்லாமே முறுக்கு. வன்னி வெயிலில் மூடி நிறுத்திய காரின் டாஷ்போர்ட் 60 பாகையைத் தாண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை அந்தச் சூட்டில் உருகி வழுகி, செம்பு வெளியே தெரியும். கிரவல் வீதியின் அதிர்வில் அது போய் டாஷ்போர்டின் இரும்புச் சட்டத்தில் தட்டினால், நல்ல காலமென்றால் பியூஸ் போகும்.

கெட்ட காலம் எப்போது வரும் என்றால், முன்பு பியூஸ் போனபோது யாரோ 10 அம்பியருக்குப் பதில் 30 போட்டிருக்கும்போது. பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. மெல்லிய வயருக்குத் தடித்த பியூஸ் போட்டால் முதலில் உருகுவது வயர், அதன்பின் அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக். அம்பிளிஃபயர் பூட்டுகிறவர்கள் பற்றரியிலிருந்து இழுக்கும் தடித்த வயருக்கு, பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் வைக்க வேண்டும். எஞ்சின் பக்கத் தகட்டு ஓட்டையால் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையமும் வேண்டும். வயர் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிப்பில் செம்பு அளவுக்கு மின்சாரம் தாங்காது.

பெட்டியில் '50 வாட்ஸ் × 4' என்று போட்டிருப்பதை நம்பி ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. அந்த செட்டின் பின்னால் இருக்கும் பியூஸைப் பாருங்கள், அநேகமாக 10 அம்பியர். எஞ்சின் ஓடும்போது வரும் 14 வோல்ட்டால் பெருக்கினால் 140 வாட்ஸ். அதற்குள்தான் திரையும் ஓட வேண்டும், சூடாக வீணாவதும் அதற்குள்தான். 200 வாட்ஸ் எங்கிருந்து வரும்? ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ச்சியாக 15 முதல் 20 வாட்ஸ் கிடைத்தாலே நல்ல செட். ஸ்பீக்கரின் மைனஸ் வயரை ஏர்த்தில் கொடுத்து வேலையைச் சுருக்குவது பழைய கசற் காலத்துப் பழக்கம். இப்போதைய செட்டில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் அம்பிளிஃபயர் ஐசி போய்விடும்.

ஆர்எக்ஸ்-8 காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் காரில் ரேடியோவும் ஏசியும் ஒரே முகப்பில் சேர்ந்து செய்யப்பட்டவை. அதற்கென்றே வரும் முகப்பு கிட் இல்லாமல் வெட்டிச் செதுக்கிப் பூட்டினால் ஏசி காட்டும் திரையை இழக்க நேரிடும். கிட் கைக்கு வரும்வரை செட் வாங்காதீர்கள். டொயோட்டாவில் வேறு தொல்லை. வழமையான இரட்டை டின் (இரண்டு ரேடியோ உயரம் கொண்ட அளவு) செட்டின் அகலம் 180 மில்லிமீற்றர், டொயோட்டாவின் துவாரமோ 200. இரண்டு பக்கமும் இடைவெளி தெரிந்தால் செட் பிழை இல்லை, பக்கப் பட்டிகள் வாங்கிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

"அண்ணை, சூரியன் எஃப்எம் இழுக்குதில்லை, செட் கூடாது" என்று வருபவர்களில் பலருக்கு அன்ரெனா வயர்தான் காரணம். கூரையில் குட்டி அன்ரெனா உள்ள கார்களில் பலவற்றுக்கு பூஸ்டர் இருக்கும், அதற்கு செட்டின் நீல வயர் 12 வோல்ட் கொடுக்க வேண்டும். நீலத்தைச் சும்மா விட்டால் வவுனியா நகருக்குள் கேட்கும், புளியங்குளம் தாண்ட இரைச்சல். செட்டிங்கில் வானொலிப் பிரதேசம் ஜப்பான் என்று கிடந்தாலும் எங்கள் நிலையங்கள் பெரும்பாலும் வராது. அங்கே எஃப்எம் 76இல் தொடங்கி 95 மெகா ஹேர்ட்ஸோடு முடிந்துவிடும், எங்களுடையது 108 வரை போகும்.

நவிகேஷனுக்கு வருவோம். செய்மதியிலிருந்து இடம் அறிய சிம்மோ டேட்டாவோ தேவையில்லை. பெட்டியோடு வரும் சின்னச் சதுர ஜிபிஎஸ் அன்ரெனா, டாஷ்போர்டின் மேல் பிளாஸ்டிக்குக்குக் கீழே வானத்தைப் பார்த்தபடி இருந்தால் போதும். செட்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்துக்குள் சொருகிவிட்டால் அம்புக்குறி ஏ9 வீதியை விட்டுக் காட்டுக்குள் ஓடும். ஆனால் வரைபடம் இறங்குவதற்கு டேட்டா வேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி உட்பகுதிகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். புறப்படும் முன் வீட்டு வைஃபையில் வட மாகாணத்தை ஓஃப்லைனாக இறக்கி வையுங்கள். கூகுளில் இறக்கியது குறிப்பிட்ட காலத்தில் காலாவதியாகும், இடைக்கிடை புதுப்பிக்க வேண்டும். ஓஎஸ்எம்அண்ட் போன்ற செயலிகளில் முழு இலங்கையையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

குறுக்குப் பாதையை அது காட்டும்போது அப்படியே திரும்பிவிடாதீர்கள். குளக்கட்டுப் பாதையும் கிரவல் வீதியும் அதற்கு ஒன்றுதான். உங்கள் கார் தாழ்வானது என்று அதற்குத் தெரியாது. கார்த்திகை, மார்கழியில் பாலங்களுக்கு மேலால் வெள்ளம் பாயும் இடங்கள் எங்கள் பக்கம் எத்தனை! கண்ணிவெடி அகற்றும் வேலை முடியாத இடங்களும் வடக்கில் இன்னும் இருக்கின்றன. சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்டால் திரை என்ன சொன்னாலும் உள்ளே இறங்க வேண்டாம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ34, பரந்தனிலிருந்து ஏ35. ஸ்போர்ட்ஸ் காரோடு வரும் விருந்தாளிக்கு இந்த இரண்டும் போதும்.

கைப்பிரேக் வயரைப் பற்றியும் கேட்பார்கள். வீடியோ ஓடக் கைப்பிரேக் போட்டிருக்க வேண்டும் என்பதற்காக ஒரு வயர் வரும். அதை நேரே ஏர்த்தில் கொடுத்துவிட்டால் ஓடும்போதும் படம் பார்க்கலாம். நான் அதைச் செய்து கொடுப்பதில்லை. ஏ9இல் இரவில் மாடு படுத்திருக்கும், லைட் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி முன்னால் போகும். பின்சீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் வேண்டுமென்றால் முன்சீட்டின் தலைச் சாய்வில் பூட்டும் தனித்திரை இருக்கிறது.

வேலை முடிந்ததும் காசு கொடுக்கும் முன் சாவியை எடுத்துக் கதவைப் பூட்டி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து, செட்டின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். முதலில் இருந்ததை விட ஆறியிருக்க வேண்டும். ரிவேர்ஸ் போட்டால் கமரா வர வேண்டும், ஸ்டியரிங் பொத்தான்கள் ஒவ்வொன்றும் வேலை செய்ய வேண்டும், எயார்பாக் விளக்கு டாஷ்போர்டில் எரிந்தபடி நிற்கக் கூடாது. கழற்றிய பழைய செட்டையும் பட்டிகளையும் ஆணிகளையும் கேட்டு வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். காரை விற்கும்போது அசல் செட் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள்.