பாம்பர் ஜாக்கெட்: பொருள், பிறப்பு, தமிழ்ச்சொல்

இடுப்போடு நின்றுவிடும் தோல் மேல்சட்டை, முன்னால் ஜிப், மணிக்கட்டிலும் இடுப்பிலும் காற்றுப் புகாமல் கவ்விப் பிடிக்கும் பின்னல் பட்டி. இதைத்தான் பாம்பர் ஜாக்கெட் என்கிறார்கள். தமிழ்நாட்டில் ஜெர்கின் என்று கேட்டால்தான் கடைக்காரருக்குப் புரியும், ஏனென்றால் ஜாக்கெட் என்ற பெயரைச் சேலையோடு போடும் ரவிக்கை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. இத்தனைக்கும் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜெர்கின் என்பது பெரும்பாலும் கையில்லாத தோலாடை!

ஜாக்கெட் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது: ழாக் என்றால் குட்டை மேலுடை, அதன் சின்ன வடிவம் ழாக்கெ. பாம் என்பதன் வேர் கிரேக்க மொழியின் பொம்போஸ், அதாவது முழக்கம்.

சரி, குண்டு போடுகிறவர்கள் போட்டதால் பாம்பரா? பாதிதான் உண்மை. அமெரிக்க ராணுவம் இதற்கு வைத்த பெயர் வெறும் ஏ-2. ஏ என்றால் கோடைக்கால பறப்புச் சட்டை, பி என்றால் குளிர்காலத்துக்கு. தோல் சட்டையே கோடைக்கென்றால் மேலே எப்படிக் குளிரியிருக்கும் பாருங்கள். முதல் உலகப்போரில் விமானி அறைக்குக் கூரையே கிடையாது, அதனால் 1917இல் விமானிகளின் உடைக்கென்றே ஒரு வாரியம் அமைத்தார்கள். 1927இல் பொத்தான் வைத்த ஏ-1 வந்தது, 1931இல் ஜிப் வைத்த ஏ-2. பெரும்பாலும் குதிரைத்தோல், மூடியோடு இரண்டு பைகள், பறக்கும்போது படபடக்காமல் இருக்க காலரை அழுத்துப் பொத்தானால் மாட்டிக்கொள்ளலாம். இதைக் குண்டுவீச்சு விமானக் குழுவினரும் போட்டார்கள், சண்டை விமானிகளும் போட்டார்கள்.

குண்டுவீச்சு விமானத்துக்கென்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் 1934இல் வந்த பி-3தான். ரோமம் உள்பக்கம் இருக்கும் செம்மறித்தோல், பார்க்கவே முரட்டுத்தனமாக இருக்கும். பி-17 குண்டுவீச்சு விமானம் 25,000 அடிக்கு மேலே போகும்போது வெளியே உறைநிலைக்குக் கீழே 40 பாகை வரை இறங்கும், உள்ளே காற்றழுத்தமும் கிடையாது, பக்கவாட்டுத் துப்பாக்கிக்காரர்களோ திறந்த சன்னலில் நின்றார்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் இதே வேலையைச் செய்தது இர்வின் சட்டை.

ஏ-2வின் முதுகுதான் எனக்குப் பிடித்த இடம். விமானத்தின் பெயரும் படமும் வரைந்து, போய்வந்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குட்டிக் குண்டு என்று வரிசையாகத் தீட்டிக்கொள்வார்கள். சீனாவுக்காகப் பறந்த அமெரிக்க விமானிகளின் 'பறக்கும் புலிகள்' படை சீன எழுத்தில் ஒரு துணியைத் தைத்துக்கொண்டது: இந்த வெளிநாட்டவர் சீனாவுக்கு உதவ வந்தவர், படையினரும் மக்களும் காப்பாற்றுங்கள் என்று. விமானம் விழுந்துவிட்டால் பேசத் தெரியாதவனுக்கு அதுதான் வாய்.

1943இல் ராணுவம் தோலை விட்டுத் துணிக்கு மாறியது. அப்புறம் ஜெட் காலத்தில் நைலான் எம்ஏ-1 வந்தது. பின்னாளில் அதற்கு ஆரஞ்சு உள்துணி கொடுத்தார்கள், விழுந்தவர் திருப்பிப் போட்டுக்கொண்டால் தேடி வருகிறவர் கண்ணில் படுவார். இன்று பாம்பர் என்று விற்பதில் பெரும்பகுதி இதன் நகல்தான்.

தமிழுக்கு வருவோம். 'குண்டுவீச்சுச் சட்டை' வேண்டாம், மேலே சொன்ன காரணம் போதும். அங்கி என்றால் கால்வரை தொங்கும் ஆடைதான் நினைவுக்கு வரும், இதுவோ உட்கார்ந்தே ஓட்டுகிறவனுக்காக இடுப்போடு வெட்டியது. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் யவனரை 'மெய்ப்பை புக்க வெருவருந் தோற்றத்து' என்கிறார் நப்பூதனார். மெய்ப்பை என்றால் உடம்புக்கான பை, சட்டை. படைக்காரன் உடம்பில் பார்த்தே பாடிய சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு? வானோடி மெய்ப்பை என்று வைத்துக்கொள்ளலாம், நைலானுக்கும் அதுவே பொருந்தும். தோல் என்று குறித்தே ஆகவேண்டுமென்றால் வானோடித் தோல் மெய்ப்பை.