முதலாளிக்கு யார் சம்பளம் தருவது?

பர்மாவில், யாங்கோனில் சிறு கடைகளுக்கும் வீட்டுத் தொழில்களுக்கும் கணக்கு எழுதித் தருவது என் வேலை. மளிகை, மாவு, தையல், பயறுத் தரகு என்று நம் ஆட்கள் செய்கிற தொழில்களின் நோட்டுகள்தான் தினமும் என் மேசையில் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "ராத்திரி பகலா உழைக்கிறேன், கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது." அவர்கள் உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. செலவுப் பக்கத்தைப் புரட்டினால் வாடகை இருக்கும், ஜெனரேட்டர் டீசல் இருக்கும், கடைப் பையனின் சம்பளம் இருக்கும், அவன் குடித்த டீ கூட இருக்கும். முதலாளியின் சம்பளத்தை மட்டும் காணோம்.

"என் கடையில நானே சம்பளம் வாங்கணுமா?" என்று சிரிப்பார்கள். எடுக்கிறீர்களோ இல்லையோ, எழுத வேண்டும். சும்மா ஒரு பேச்சுக்கு, மாதக் கடைசியில் இந்த ஊர்ப் பணத்தில் 6 லட்சம் கியாட் மிஞ்சுகிறது என்று வையுங்கள். இதே வேலையை இன்னொருவர் கடையில் பார்த்தால் உங்களுக்கு 5 லட்சம் கிடைக்கும். கூட உட்கார்ந்து சில்லறை எண்ணிக் கொடுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு 3 லட்சம். அப்படியானால் கடை சம்பாதித்தது எங்கே? மாதம் 2 லட்சம் கடைக்கு நீங்கள்தான் போடுகிறீர்கள். உடனே கடையை இழுத்து மூடச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் எல்லோரும் அப்படித்தான் போட வேண்டியிருக்கும், அதுவும் ஒரு முதல்தான். எவ்வளவு போடுகிறோம், எந்த மாதம் வரைக்கும் போடுவோம் என்று தெரிந்து போட வேண்டும். தெரியாமல் பத்து வருஷம் போட்டுவிட்டு, அதற்கு விடாமுயற்சி என்று பெயர் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

ஒரு காலத்தில் இதே ஊரில் முகல் தெருவில் வட்டித் தொழில் நடத்திய செட்டியார்கள் இந்த விஷயத்தில் கறாராக இருந்தார்கள். கடையை நடத்த செட்டிநாட்டிலிருந்து வரும் ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்று வருடத் தவணை. சம்பளம் முதலிலேயே பேசப்பட்டிருக்கும், தவணை முடிந்தால் லாபத்தில் ஒரு பங்கு. அவருக்குக் கீழே உதவிக்கு அடுத்தாள், அதற்கும் கீழே தொழில் பழகும் பெட்டியடிப் பையன். வீடு வாசலை விட்டு வந்து கிடக்கிற கஷ்டம்தான், ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு ஒரு கூலியும் ஒரு கடைசித் தேதியும் இருந்தன. வருஷ முடிவில் ஐந்தொகை, அதாவது இருப்பும் கடனும் லாப நஷ்டமும் சேர்ந்த கணக்கு, போட்டுப் பார்க்காமல் யாரும் அடுத்த வருஷத்துக்குப் போகவில்லை.

அவர்களே மாட்டிக்கொண்ட இடமும் உண்டு. 1930-இல் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் பணம் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938-இல் அது 25 சதவீதம். கேட்டது பணம், வந்தது வயல். புரள வேண்டிய முதல் மண்ணில் முடங்கிவிட்டது. அப்புறம் யுத்தம் வந்தது, சுதந்திரம் பெற்ற 1948-லேயே நில தேசியமயச் சட்டம் வந்தது. உழைப்பில் அவர்களுக்கு என்ன குறை?

முடங்குவது என்றால் நம் காலத்தில் உளுந்தைச் சொல்லலாம். இங்கே விளையும் உளுந்தின் பெரும்பங்கு இந்தியாவுக்குத்தான் போகிறது. டெல்லியில் ஒரு அறிவிப்பு வந்தால் யாங்கோனின் மொத்தச் சந்தையான பயின்னவுங் மார்க்கெட்டில் விலை ஆடும். 2017 ஆகஸ்டில் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம் டன்தான் என்று இந்தியா வரம்பு போட்டது. அறுவடைச் சரக்கு கிட்டங்கியில் கிடந்த நேரம். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், "விலை ஏறாமலா போயிடும்" என்று பிடித்து வைத்தார். கிட்டங்கி வாடகை ஓடியது, வட்டி ஓடியது, மூட்டையில் வண்டு விழுந்தது. சல்லடையில் போட்டுச் சலித்தால் மாவு தனியாகக் கொட்டும், எடை குறைந்துகொண்டே போகும். அவர் நஷ்டப்பட்டதற்கு வரம்பு ஒரு காரணம். வைராக்கியம் இன்னொரு காரணம். பக்கத்துக் கிட்டங்கிக்காரர் பாதியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பணத்தில் உள்ளூரில் ஓடும் கடலைப்பருப்பு வாங்கிப் போட்டார். 2021-இல் வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்குவதாக ஐந்து வருட ஒப்பந்தம் வந்தபோது அவர் தொழிலில் இருந்தார். பயறுத் தொழிலை அவர் விடவே இல்லை, ஒரு சரக்கைத்தான் விட்டார்.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருவோம். 2021-க்கு முன்பு டாலர் 1,300 கியாட் அளவில் இருந்தது, 2024-இல் வெளிச் சந்தையில் 4,000-ஐத் தாண்டிப் போனது. இந்த மாதிரிக் காலத்தில் நோட்டில் காட்டும் லாபத்தை நம்பவே கூடாது. 10,000-க்கு வாங்கியதை 12,000-க்கு விற்று மகிழ்ச்சியாக இருப்பீர்கள், அதே சரக்கை மறுபடி எடுக்கப் போனால் 13,000 சொல்வான். கல்லா நிறைந்திருக்கும், அலமாரி ஒவ்வொரு மாதமும் காலியாகிக்கொண்டே வரும். அதனால் என்னிடம் வருகிறவர்களைப் பணத்தோடு சரக்கையும் எண்ணச் சொல்கிறேன். போன மாதம் எத்தனை மூட்டை, இந்த மாதம் எத்தனை மூட்டை. இதற்குப் படிப்பு தேவையில்லை, கடைப் பையனே எழுதுவான்.

தோசை மாவு அரைத்து விற்கும் ஒரு அக்காவின் கணக்கையும் பார்க்கிறேன். கரண்ட் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து கிரைண்டர் போடுவார். வீடுகளுக்கு பாக்கெட், மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு வாளிக் கணக்கில். கடைகளுக்குப் போவதுதான் பெரிய வியாபாரம் என்று பெருமையாகச் சொன்னார். அவருக்கும் ஒரு சம்பளம் போட்டு, வீட்டு பாக்கெட் தனி, கடை வாளி தனி என்று பிரித்தேன். கடைக்காரர்கள் பாக்கியை ஒரு மாதம் கழித்துத் தந்தார்கள், அதற்குள் உளுந்து விலை ஏறியிருந்தது. நடுராத்திரி விழித்த உழைப்பு முழுக்க அந்த வாளிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இந்தத் தொழில எதுக்கு ஆரம்பிச்சீங்கக்கா?" என்று கேட்டேன். "மாசக் கடைசியில யாருகிட்டயும் போய் நிக்கக் கூடாதுன்னுதான் தம்பி." இலட்சியம், நோக்கம் என்றெல்லாம் மேடையில் பேசுகிறோமே, அக்கா சொன்னது அதைவிடத் தெளிவு. மாசக் கடைசியில் மூன்று கடை வாசலில் பாக்கிக்காகப் போய் நின்றுகொண்டிருந்தவர் அவர்தான். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். ரொக்கம் கொடுத்தால் மாவு, இல்லையென்றால் இல்லை என்று அடுத்த மாதமே மூன்று பேரிடமும் சொல்லிவிட்டார். இருவர் வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். விற்பனை குறைந்தது, சரக்கு குறையவில்லை. ரொக்கம் கொடுக்கும் அந்த ஒருவருக்காக இன்னும் நள்ளிரவில்தான் அரைக்கிறார். அதற்கான கூலி இப்போது செலவுப் பக்கத்தில், டீசலுக்குக் கீழே, அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.