கணவன், மனைவிக்கான அமெரிக்கக் குடியேற்ற விசா: காத்திருப்பும் மும்பை நேர்காணலும்

அமெரிக்காவில் இருப்பவர் ஊரில் இருக்கும் தன் கணவரையோ மனைவியையோ அழைத்துக்கொள்ளப் பல விசாக்கள் உண்டு. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைப்பது எச்-4. அதற்குச் சென்னையிலேயே விண்ணப்பிக்கலாம், கதை வேறு. இங்கே சொல்வது அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருப்பவர் தன் துணைக்குக் கேட்கும் குடியேற்ற விசாவைப் பற்றி. இந்த விசாவில் விமான நிலையத்தில் இறங்கி உள்ளே நுழைந்தாலே நிரந்தரக் குடியிருப்பாளர் ஆகிவிடலாம். அதனால்தான் இதற்கு இத்தனை காகிதம், இத்தனை காத்திருப்பு.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அழைப்பவர் சிட்டிசனா, கிரீன் கார்டா? சிட்டிசனின் கணவன் அல்லது மனைவி என்றால் வருடத்துக்கு இத்தனை விசாதான் என்ற உச்சவரம்பு கிடையாது. காகித வேலை முடிந்தால் நேர்காணல் வரிசைதான் பாக்கி. கிரீன் கார்டுக்காரரின் துணை என்றால் எஃப்-2ஏ என்ற பிரிவு. அதில் வருட வரம்பு உண்டு. மாதாமாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடும் விசா புல்லட்டினில், உங்கள் மனு பதிவான தேதிக்கு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முறை வராமல் நேர்காணலுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

காத்திருக்கும்போதே கிரீன் கார்டுக்காரர் குடியுரிமை வாங்கிவிட்டால் மனு தானாகவே வேகமான பிரிவுக்குப் போகும். அதைத் தெரிவித்து, குடியுரிமைச் சான்றிதழின் நகலை அனுப்ப வேண்டும். இதில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. எஃப்-2ஏயில் அம்மாவுக்குப் போட்ட மனுவிலேயே குழந்தையும் சேர்ந்து வரலாம். சிட்டிசன் பிரிவுக்கு மாறியதும் அந்த வசதி போய்விடும், குழந்தைக்குத் தனி மனு போட வேண்டும். நேர்காணல் தேதி வந்த பிறகு இது தெரியவந்தால் அம்மாவுக்கு விசா கிடைக்கும், பிள்ளை ஊரிலேயே நிற்கும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதே இதையும் யோசித்துவிடுவது நல்லது.

வேலை தொடங்குவது ஐ-130 என்ற மனுவில். அமெரிக்காவில் இருப்பவர் குடியேற்றத் துறையிடம் தாக்கல் செய்வது இது. 2024 ஏப்ரலில் மாறிய கட்டணப்படி இணையத்தில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். முடிவு வர ஒரு வருடத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்த வருடத்தைச் சும்மா கழிக்காதீர்கள். பின்னால் தலைவலி தரப்போகும் சான்றிதழ்களையெல்லாம் சரிசெய்து வைக்கும் காலம் அதுதான்.

மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். எல்லாரும் என்.வி.சி. என்றுதான் சொல்வார்கள். மும்பைக்குரிய கோப்பு எண் பம்பாயின் சுருக்கமான பி.எம்.பி. என்ற எழுத்துகளில் தொடங்கும். இங்கே இரண்டு கட்டணம்: விசா விண்ணப்பத்துக்கு ஆளுக்கு 325 டாலர், வருமான உறுதிமொழியைப் பரிசீலிக்க 120 டாலர். அப்புறம் டி.எஸ்.-260 என்ற இணைய விண்ணப்பம். கூடவே பிறப்பு, திருமண, போலீஸ் சான்றிதழ்களின் ஸ்கேன்கள். எல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டால் ஆவணத் தகுதி பெற்றதாக மின்னஞ்சல் வரும். அந்தத் தேதி முக்கியம், நேர்காணல் வரிசையில் உங்கள் இடத்தைத் தீர்மானிப்பது அதுதான். ஒரு சான்றிதழ் மங்கலாக இருக்கிறது என்று திருப்பிவிட்டால் அந்தத் தேதியும் தள்ளிப்போகும். ஆகவே போனில் எடுத்த சாய்ந்த படங்களை ஏற்றாமல், கடையில் கொடுத்து முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தெளிவாக ஸ்கேன் செய்யுங்கள்.

வருமான உறுதிமொழி என்பது, வருபவரின் செலவைத் தாங்குவேன் என்று அழைப்பவர் எழுதிக்கொடுக்கும் ஐ-864 என்ற படிவம். அழைப்பவரின் வருமானம் அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். இருவர் கொண்ட குடும்பத்துக்கு 2025இன் கணக்கு வருடத்துக்கு 26,437 டாலர், இது ஆண்டுதோறும் மாறும். வருமானம் போதவில்லை என்றால் அங்கேயே வசிக்கும் இன்னொரு சிட்டிசனோ கிரீன் கார்டுக்காரரோ கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திடலாம், உறவினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அது மரியாதைக்குப் போடும் கையெழுத்தும் இல்லை. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. சித்தப்பாவிடம் கேட்பதற்கு முன் இதைச் சொல்லிவிட்டுக் கேட்பதுதான் நியாயம். சிட்டிசன் கணவர் இப்போது இந்தியாவிலேயே மனைவியோடு வசிக்கிறார் என்றால் வருமானம் மட்டும் போதாது. அமெரிக்காவில் மறுபடி குடியேறப்போகிறார் என்பதற்கும் சான்று காட்ட வேண்டும்: வேலைக்கான கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு இப்படி ஏதாவது.

இனி பெயர் விவகாரம். தமிழ்நாட்டுக்காரர்களின் கோப்பு தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம். கவிதா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் எஸ். கவிதா. ஆதாரில் கவிதா செல்வம். பாஸ்போர்ட்டில் பெயர் என்ற இடத்தில் கவிதா, குடும்பப்பெயர் என்ற இடம் காலி. பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, வெறும் ‘பெண்’, தந்தை பெயர், தாய் பெயர் அவ்வளவுதான். நமக்கு இதெல்லாம் ஒரே ஆள். அமெரிக்கக் கணினி அப்படிப் பார்க்காது. குடும்பப்பெயர் காலியாக இருந்தால் ‘கவிதா’வையே குடும்பப்பெயராக்கி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று போட்டுவிடும், முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். அதுவே கிரீன் கார்டிலும் ஏறி, ஓட்டுநர் உரிமம், வங்கி, சம்பளச் சீட்டு என்று போகிற இடமெல்லாம் கூடவே வரும். ஐ-130 காத்திருப்பில் இருக்கும்போதே பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப்பெயர் இடத்தில் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழுக்கு, பிறப்பு பதிவான மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் மனு கொடுத்துப் பெயரைச் சேர்க்கலாம். பிறப்பே பதிவாகவில்லை என்றால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றிதழை வாங்கி, அதோடு பள்ளிச் சான்றிதழும் பிறப்பை நேரில் அறிந்த பெற்றோர் அல்லது உறவினரின் உறுதிமொழிப் பத்திரமும் இணைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு தேவை.

திருமணச் சான்றிதழ் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கியது. கோயிலில் கொடுத்த ரசீதும் மண்டபக் கடிதமும் அதற்கு ஈடாகாது. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. மாப்பிள்ளை இரண்டு வார லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் பறந்துவிட்டால் பதிவு அப்படியே நிற்கும். பந்தல் பிரிப்பதற்கு முன்பே பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

போலீஸ் சான்றிதழ், அதாவது பி.சி.சி., பாஸ்போர்ட் சேவா இணையதளம் வழியாக 500 ரூபாய். அதில் பாஸ்போர்ட் எண் அச்சாகும். எனவே பாஸ்போர்ட்டில் மாற்றம் செய்வதாக இருந்தால் அதை முடித்துவிட்டு இதற்குப் போங்கள். 16 வயதுக்குப் பிறகு சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும். அது வர மாதக்கணக்கில் ஆகலாம், முதலில் அதைத் தொடங்குங்கள்.

ஆவணத் தகுதி கிடைத்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. மும்பையில் நேர்காணல் நடத்தும் அமெரிக்கத் துணைத் தூதரகம் மாதாமாதம் இத்தனை இடம் என்று கொடுக்கும், என்.வி.சி. அதை வரிசைப்படி நிரப்பும். தேதியை முன்னால் இழுத்துத் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் பணம் வீண். உயிருக்கு ஆபத்தான நோய் போன்ற அவசரம் இருந்தால் மருத்துவச் சான்றோடு நீங்களே இலவசமாக விரைவுக் கோரிக்கை வைக்கலாம், அதை ஏற்பதும் மறுப்பதும் துணைத் தூதரகத்தின் கையில். ஒன்று மட்டும் செய்யாமல் இருக்கக் கூடாது: என்.வி.சி. அறிவிப்பு வந்த பின் ஒரு வருடம் எந்தத் தொடர்பும் இல்லாமல் விட்டுவிட்டால் கோப்பையே ரத்து செய்ய முடியும். அவ்வப்போது உள்நுழைந்து பார்ப்பதோ ஒரு செய்தி அனுப்புவதோ போதும். இடைப்பட்ட காலத்தில் சுற்றுலா விசா கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தடை இல்லை. ஆனால் குடியேற மனு போட்டவர் ‘சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்’ என்றால் அதிகாரி நம்புவது கஷ்டம், மறுக்கப்படும் வாய்ப்புதான் அதிகம்.

நேர்காணல் சென்னையில் இல்லை. அண்ணா மேம்பாலம் அருகே காலையில் நீங்கள் பார்க்கும் வரிசை மாணவர், சுற்றுலா, வேலை விசாக்களுக்கானது. இந்தியாவில் குடும்பக் குடியேற்ற விசாவுக்கு மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில் உள்ள துணைத் தூதரகம்தான். இலங்கையில் வசிப்பவர்களுக்குக் கொழும்புத் தூதரகம். தேதி கடிதம் வந்ததும் விசா சேவை இணையதளத்தில் பதிந்து கைரேகைக்கு நேரம் எடுக்க வேண்டும். அது துணைத் தூதரகத்தில் இல்லாமல் தனி மையத்தில், நேர்காணலுக்கு முன்பாக நடக்கும். இரண்டு முகவரிக்கும் இரண்டு நேரம் இருப்பதை மறந்து ஒரே நாளுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

மருத்துவப் பரிசோதனை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர்களிடம் மட்டுமே. சென்னையிலும் அப்படிப்பட்ட மையம் உண்டு, அதற்காகவே மும்பை போக வேண்டியதில்லை. நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசிகள் இருக்கும். பழைய தடுப்பூசி அட்டை கைவசம் இருந்தால் எடுத்துப்போங்கள், போட்ட ஊசியையே மறுபடி போட்டுக்கொள்ள வேண்டாம். எக்ஸ்ரேயில் காசநோய்த் தழும்பு போலத் தெரிந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் அதன் கல்ச்சர் முடிவு வர எட்டு வாரம் ஆகும். இதற்காகவே தேதி வந்த உடனே பரிசோதனைக்குப் போய்விடுவது நல்லது. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடிவை ஒட்டிய உறையில் கையில் கொடுத்தால் அதைப் பிரிக்கக் கூடாது.

நேர்காணல் அன்று காலை செல்போனை அறையிலேயே விட்டுவிடுங்கள். போன், ஸ்மார்ட் வாட்ச், பெரிய பை எதுவும் உள்ளே போகாது. உங்களோடு போவது பாஸ்போர்ட், நேர்காணல் கடிதம், டி.எஸ்.-260 உறுதிச்சீட்டு, எல்லா அசல் சான்றிதழ்களும் அவற்றுக்கு ஒவ்வொரு நகலும், புகைப்படங்கள், ஐ-864, வரி ஆவணங்கள். அழைப்பவர் நேரில் வர வேண்டிய கட்டாயம் இல்லை.

முதலில் ஒரு கவுன்ட்டரில் ஊழியர் காகிதங்களைச் சரிபார்த்து வாங்கிக்கொள்வார். பிறகு உட்கார வைப்பார்கள். எண் வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அதிகாரி வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுக்கச் சொல்வார். அப்புறம் கேள்விகள்: எப்படி அறிமுகம், கல்யாணம் எங்கே, கடைசியாக எப்போது நேரில் பார்த்தீர்கள், அவருக்கு என்ன வேலை, எந்த ஊரில் வீடு, முன்பு திருமணம் ஆனதுண்டா. சில நிமிடத்தில் முடிந்துவிடும் பேச்சு இது. நிச்சயிக்கப்பட்ட திருமணம் என்பதைச் சொல்லத் தயங்க வேண்டாம், அங்கே தினமும் கேட்கும் விஷயம்தான். ஜாதகம் பார்த்து மூன்று வாரத்தில் கல்யாணம் என்றால் அப்படியே சொல்லுங்கள். ஒத்திகை பார்த்த காதல் கதையை விட அது நன்றாக எடுபடும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம், கணவரின் சம்பளம் கடைசி டாலர் வரை தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் எந்த நிறுவனம், என்ன வேலை என்பதே தெரியாவிட்டால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

உறவுக்கான சான்றாகக் கல்யாண ஆல்பத்தை அப்படியே சுமந்து போக வேண்டாம். வெவ்வேறு காலத்தில் எடுத்த இருபது, முப்பது படங்கள் போதும், பின்னால் யார், எங்கே, எப்போது என்று எழுதிவிடுங்கள். மேடையில் மாலையோடு நிற்கும் பத்துப் படங்களை விட, அடுத்த வருடம் வந்தபோது மாமனார் வீட்டுத் திண்ணையில் எடுத்த ஒரு படம் அதிகம் சொல்லும். விமானப் பயணச்சீட்டு, அனுப்பிய பணத்தின் ரசீது, பேச்சுப் பதிவுகளின் சில பக்கங்கள் இருந்தால் கூட வையுங்கள்.

விசா உறுதி என்றால் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்கள். மாறாக ஒரு சீட்டும் அதில் 221(ஜி) என்ற பிரிவும் வந்தால் பதற வேண்டாம். சட்டத்தின் கணக்கில் அது மறுப்புதான், ஆனால் பெரும்பாலும் ஒரு ஆவணம் பாக்கி என்றோ கூடுதல் பரிசீலனை நடக்கிறது என்றோ பொருள். கேட்டதை ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், தாண்டினால் மறுபடி விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் விசாவோடு கைக்கு வரும்வரை வேலையை விடுவதும் வீட்டைக் காலி செய்வதும் திரும்பப் பெற முடியாத டிக்கெட் எடுப்பதும் வேண்டாம். துணைத் தூதரகமே சொல்லும் அறிவுரை அது.

விசாவின் ஆயுள் அதிகபட்சம் ஆறு மாதம், மருத்துவ முடிவின் காலத்தைப் பொறுத்துக் குறையலாம். அதற்குள் அமெரிக்காவில் இறங்கியிருக்க வேண்டும். 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை இணையத்தில் கட்டினால்தான் கிரீன் கார்டு தபாலில் வரும், கிளம்புமுன்பே கட்டிவிடுவது நல்லது. அதுவரை, இறங்கியபோது முத்திரை குத்திய விசாவே ஒரு வருடம் கிரீன் கார்டாகச் செல்லும்.

உள்ளே நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு வருடம் முடிந்திருந்தால் பத்து வருடக் கார்டு, சிட்டிசனின் துணைக்கு அந்த வகையின் பெயர் ஐ.ஆர்.-1. முடியவில்லை என்றால் இரண்டு வருட நிபந்தனைக் கார்டு, சிட்டிசனின் துணைக்கு அது சி.ஆர்.-1. விசாவில் சி.ஆர்.-1 என்று அச்சாகியிருந்தாலும் இறங்கும் நாளில் இரண்டு வருடம் நிறைந்திருந்தால், திருமணச் சான்றிதழைக் காட்டி ஐ.ஆர்.-1 ஆகப் பதியுமாறு விமான நிலைய அதிகாரியிடம் கேளுங்கள். அதற்காக அந்தச் சான்றிதழைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். நிபந்தனைக் கார்டு வாங்கியவர்கள் அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தேதியை யாரும் உங்களுக்கு நினைவூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.