தாராசுரத்தில் தண்ணீர் ஏன் தேங்குகிறது? திருச்சுற்றை உயர்த்துமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் நந்தியையும் பலிபீடத்தையும் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்கும். இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில் இது. இன்று அதன் தரைமட்டம் வெளித்தெருவை விடத் தாழ்ந்து கிடக்கிறது. காவிரிப் படுகையின் பழைய ஊர்கள் பலவற்றில் இதே கதைதான். வண்டலும் இடிபாடும் சேர்கின்றன. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுச்சாலை போடுவதால், ஒவ்வொரு முறையும் மாடவீதி சில அங்குலம் ஏறுகிறது.

தாராசுரம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அப்படி இல்லாத கோயில்களில்தான் ஆபத்து அதிகம். 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கை ஒட்டித் திருப்பணி நடக்கும்போது, திருச்சுற்றில் (பிராகாரத்தில்) மண்ணடித்து உயர்த்தி, சிமெண்ட் போட்டு, மேலே வழுவழுப்பான கிரானைட்டைப் பதித்துவிடுகிறார்கள். நல்ல மனத்தோடு செய்யும் இந்த வேலை, கோயிலுக்கு இரண்டு விதத்தில் கேடு.

முதல் கேடு கண்ணுக்குத் தெரியும். கருவறையும் அதன்மேல் கோபுரமும் சேர்ந்த விமானத்தின் அடித்தளமான அதிட்டானம் கீழிருந்து உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்கடுக்காக எழும். விமானத்தின் மொத்த உயரத்தோடு ஒத்துப்போகும்படி சிற்பி அளந்து வைத்தவை இவை. இரண்டடி மண் போட்டால் ஜகதி முழுதும் மறையலாம், விமானமும் குட்டையாகத் தெரியும். நிலக்கொடை, விளக்குக்கொடைக் கல்வெட்டுகள் பல ஜகதியிலும் குமுதத்திலும் இருக்கும். தாராசுரத்தில் நாயன்மார் வரலாறுகள் பெயர்ப்பொறிப்போடு விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வருகின்றன. தரையை உயர்த்தினால் போவது அப்படிப்பட்ட செல்வம்.

இரண்டாவது கேடு உள்ளே நடப்பது. பழைய தளத்தில் கற்களுக்கிடையே மணலும் சுண்ணாம்பும் இருந்ததால், மழைநீரில் ஒரு பங்கு இறங்கியது, மண்ணின் ஈரமும் ஆவியாக வெளியேறியது. சிமெண்ட் தளம் இரண்டையும் அடைத்துவிடும். போக வழியில்லாத ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து சுவருக்குள் ஏறும். வெளிக்கல்லுக்கும் உள்கல்லுக்கும் நடுவே செங்கல், சுண்ணாம்பு நிரப்பிய சுவர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஈரம் காயும் இடத்தில் உப்பு படிகமாகிக் கல்லின் மேல்தோலைச் செதிலாகப் பெயர்க்கும். அடிச்சுவரில் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் அதன்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். பூசினால் ஈரம் இன்னும் மேலே ஏறும்.

முதலில் பார்க்க வேண்டியது மூலத்தரை எங்கே என்பதை. கருவறையின் வெளிச்சுவரை ஒட்டி நின்று உபானம் தெரிகிறதா என்று பாருங்கள். தரை குமுதத்தைத் தொட்டால் ஜகதி புதைந்திருக்கிறது. தொல்லியல் அறிந்தவர் முன்னிலையில் 3 அடிக்கு 3 அடி சோதனைக்குழி ஒன்றைக் கையால், அரையடி அரையடியாகத் தோண்ட வேண்டும். பொக்லைன் வேண்டவே வேண்டாம். உபானத்தின் அடி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே மணல் நிரப்பிய அஸ்திவாரம் இருக்கலாம். அந்த மணல் சரிந்தால் கட்டடம் இறங்கும்.

பிறகு தண்ணீரின் பழைய வழி. திருமஞ்சன நீர் வடபுறக் கோமுகி வழியாக வெளியேறும். அதன் கீழே சிமெண்ட் தொட்டி கட்டிக் குழாய் செருகியிருந்தால், அடைப்பு ஏற்படும்போதெல்லாம் நீர் கருவறைத் தரைக்கே திரும்பும். மதிலின் அடியில் கல் தூம்புகள் (நீர் வெளியேறும் துளைகள்) இருக்கும். பெரும்பாலும் உள்ளே மண்ணும் வெளியே கடைச்சுவரும் அவற்றை அடைத்திருக்கும். அவை எந்தக் குளத்துக்குப் போயின என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் மழைநீர் சிவகங்கைக் குளத்துக்குப் போகும்படிதான் அமைத்தார்கள். தூம்பைத் திறந்து குளத்து வரத்துக்காலைத் தூர்வாரினாலே பல இடங்களில் பாதி வேலை முடிந்துவிடும்.

தளம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் கொத்துவேலை செய்த, வழுக்காத கற்பலகைகளை மணல் படுகைமேல் பதித்து, இணைப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள். 100 அடிக்கு 1 அடி சரிவு தூம்பை நோக்கி இருந்தால் போதும். தெரு உயர்ந்துபோய்த் தூம்பில் நீர் வெளியேறாத இடத்தில், மதிலுக்கு உள்ளே விமானத்திலிருந்து தள்ளி ஒரு சேகரிப்புக் கிணறு அமைத்து மோட்டாரால் இறைக்கலாம். அழகில்லைதான், ஆனால் நாளைக்கு வேண்டாமென்றால் எடுத்துவிட முடியும். அதிட்டானத்தில் ஒட்டிய சிமெண்டைக் கல் சேதமின்றி எடுக்க முடியாது.

அறநிலையத்துறைக் கோயிலாக இருந்தால், மதிப்பீட்டில் ‘தளம் உயர்த்துதல்’ என்ற வரி இருக்கிறதா என்று வல்லுநர் குழுவுக்குப் போகும் முன்பே பாருங்கள். உபானத்தின் அடிமட்டத்தையும் தெருமட்டத்தையும் குறித்த அளவுப்படம் ஒன்றை அதனோடு இணைக்கச் சொல்லுங்கள்.