கொத்தமல்லி சிலருக்கு மட்டும் ஏன் சோப்பு மாதிரி இருக்கிறது?

கடையில் வெறுமனே "மல்லி" என்று கேட்டால் தழையா, தனியாவா என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் ஒரே செடிதான், ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு மோந்து பார்க்கச் சொன்னால் சத்தியமாக யாரும் நம்ப மாட்டார்கள்.

தழையின் மணத்துக்குக் காரணம் டெசினல், டோடெசினல் போன்ற ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருள்கள். பச்சைக் காயிலும் இந்த வாடை உண்டு. காய் முற்றிக் காயக் காய இவை குறைந்து லினலூல் என்ற சேர்மம் மேலோங்கிவிடும், லாவெண்டர் பூவில் இருப்பதும் அதுதான். வறுத்த தனியாவின் வாசனை வேறு கதை, சூட்டில் புதிதாகவே சில மணங்கள் பிறக்கின்றன.

சரி, சோப்புக்கு வருவோம். இதே வகை ஆல்டிஹைடுகள் சில சோப்புகளிலும் இருக்கின்றன, நாற்றப்பூச்சி பீய்ச்சும் திரவத்திலும் இருக்கின்றன! ஆகவே தழையை வாயில் வைத்ததும் முகம் சுளிப்பவர்கள் நடிக்கவில்லை. 2012-ல் சுமார் 25,000 பேரின் மரபணுத் தகவலை அலசியபோது, ஆல்டிஹைடுகளை உணரும் ஓஆர்6ஏ2 என்ற மணமுகர் மரபணு இருக்கும் பகுதியில் ஒரு சிறு வேறுபாடு இந்தச் சோப்பு உணர்வோடு சேர்ந்து வருவது தெரிந்தது. ஆனால் மரபணுவின் பங்கு கொஞ்சம்தான், பழக்கத்துக்கும் இதில் கை இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு கனடாவில் இளைஞர்களிடம் கேட்டபோது, கிழக்காசிய வம்சாவளியினரில் 21% பேருக்குக் கொத்தமல்லி பிடிக்கவில்லை, தெற்காசியர்களில் 7% பேருக்குத்தான்.

இதெல்லாம் நாக்கின் வேலை என்று நினைத்தால், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் கொத்தமல்லித் துவையல் சாப்பிட்டுப் பாருங்கள். உப்பு, புளி, காரம் தெரியும், கொத்தமல்லி காணாமல் போய்விடும். மெல்லும்போது எழும் ஆவி தொண்டை வழியாக மூக்குக்குப் போவதைத்தான் நாம் ருசி என்கிறோம். ரசத்தை இறக்கும்போது தழையைக் கிள்ளிப் போடுவதும் இதனால்தான், கொதிக்க விட்டால் அந்த ஆவி முழுக்க அடுப்படிக்குத்தான் போகும்.

வீட்டில் யாராவது தழையை ஒதுக்கி வைத்தால், அரைத்துச் சட்னியாகக் கொடுத்துப் பாருங்கள். இலை நசுங்கும்போது அதிலுள்ள நொதிகள் ஆல்டிஹைடுகளைச் சிதைத்துவிடுவதால் சோப்பு வாடை குறைகிறது. அரைத்த உடனே பரிமாறாமல் கொஞ்சம் வைத்திருந்தால் இன்னும் நல்லது.